துருவின் பிடியும் மேய்ஸ் ஹில் நீராவி டிராமும்

சிட்னி மாநகரின் மேற்கே, பரமாட்டாவை ஒட்டிய மேய்ஸ் ஹில்லில், கிரேட் வெஸ்டர்ன் நெடுஞ்சாலையோரமாக 1999ஆம் ஆண்டு கும்பாபிஷேகம் கண்ட முருகன் ஆலயத்தை அறியாத சிட்னித் தமிழர் அரிது. ஆனால் அதே சாலையில் கிழக்கே சிறிது தூரம் சென்றால் வரும் பரமாட்டா பூங்காவின் ஓரத்திலே, ஆலயம் எழுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு வரையில், ஒரு நீராவி டிராம் புகை கக்கிக்கொண்டு ஓடிற்று என்பதை அறிந்த பக்தர்கள் மிகச் சிலரே.

1879ஆம் ஆண்டு சிட்னியில் நடந்த சர்வதேசக் கண்காட்சிக்கு வரும் ஜனங்களை ஏற்றிச் செல்வதற்கென்று, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து பால்ட்வின் தொழிற்சாலையிலிருந்து தருவிக்கப்பட்டவை இந்த யந்திரங்கள். தெருவிலே குதிரைகள் மிரளாதிருக்கும் பொருட்டு கொதிகலனையும் சக்கரங்களையும் மரப்பெட்டிக்குள் மறைத்துக் கட்டிய அவ்விநோத வாகனங்கள், சில மாத காலத்துக்கென்று வந்து, அரை நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்து, 1937இல்தான் அரசாங்கத் தடங்களிலிருந்து முற்றிலும் விடைபெற்றன. பரமாட்டாவில் பூங்காவாயிலுக்கும் ஆற்றங்கரையிலிருந்த ரெட்பாங்க் படகுத்துறைக்கும் இடையே 1883 முதல் 1943 வரையில் தனியார் தடம் ஒன்றும் நடந்தது. இந்தப் பரம்பரையில் எஞ்சிய ஒன்றுதான் 1891இல் செய்யப்பட்ட 103ஏ என்னும் யந்திரம். ஆர்வலர் சங்கமொன்று அதைக் காப்பாற்றிக் கொணர்ந்து பூங்காவிலே கொட்டகை அமைத்து ஓட்டிவந்தது.

இத்தகைய யந்திரங்களைப் பிரித்துச் சீர்ப்படுத்தியவர்களிடம் கேட்டால், கொதிகலனைப் பற்றியோ உருளையைப் பற்றியோ அவர்கள் முதலில் பேசமாட்டார்கள். கழல மறுத்த போல்ட்டுகளைப் பற்றித்தான் பேசுவார்கள். இதிலே ஒரு வேடிக்கை உண்டு. யந்திரம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இத்தொல்லை இத்தனை இல்லை. அது நாள்தோறும் எண்ணெயில் நனைந்தது. குறிப்பிட்ட கால இடைவெளியில் பட்டறைக்குச் சென்று, பிரிக்கப்பட்டு, மறுபடி பூட்டப்பட்டது. ஆகையால் மரைகள் இறுகிப்போக அவகாசமே கிடைக்கவில்லை. ஓய்வு கொடுத்து, மரியாதை செய்து, பூங்காவிலோ பீடத்திலோ நிறுத்திய பிறகுதான் துரு தன் வேலையை நிதானமாகத் தொடங்கிற்று. இரும்பு துருவாக மாறும்போது அதன் கனவளவு இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகுகிறது. போல்ட்டுக்கும் நட்டுக்கும் நடுவே மயிரிழையளவே உள்ள இடைவெளியில் அது பெருக இடமேது? ஆகவே இரண்டையும் ஒன்றாக நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது.

அனுபவமுள்ள பிட்டர் இதை எப்படி எதிர்கொள்கிறான் என்பதைச் சற்று அருகிருந்து பார்க்கத் தகும். முதலில் கம்பித் தூரிகையால் வெளியே தெரியும் மரையைத் தேய்த்துச் சுத்தம் செய்கிறான். நட்டு வெளியேற வேண்டிய பாதையிலேயே மண்ணும் பழைய வர்ணமும் அடைத்துக் கிடந்தால், உள்ளே பிடி விட்டாலும் பயனில்லை. பிறகு மண்ணெண்ணெயோ, நுண்ணிய இடுக்குகளில் ஏறக்கூடிய மெல்லிய எண்ணெயோ விட்டு, அவசரப்படாமல் மறுநாள் வரையில் விட்டுவைக்கிறான். இந்தக் காத்திருத்தலைப் பொறுக்கமாட்டாதவர்கள்தாம் போல்ட்டின் கழுத்தை முறித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொள்கிறார்கள். அடுத்து, நட்டின் பக்கத்தில் கனமான சுத்தியலை முட்டுக் கொடுத்து, எதிர்ப்பக்கத்தில் சிறிய சுத்தியலால் சீராகத் தட்டுகிறான். அதிர்விலே துருப்படலம் விரிசல் விடுகிறது, எண்ணெய் உள்ளே இறங்குகிறது. அதன் பின்னர் ஸ்பானரை மாட்டி, கழற்றும் திசையில் அன்று, முடுக்கும் திசையில் இம்மியளவு அசைக்கிறான். துருவின் பிடி எந்தத் திசையில் உடைந்தாலும் உடைந்ததுதான். அதன் பிறகு முன்னும் பின்னுமாகக் கால் சுற்று, அரைச் சுற்று என்று வழி செய்துகொண்டு வெளியே கொண்டுவருகிறான்.

அதற்கும் மசியாததற்கு அக்கினியே மருந்து. ஒரு அங்குல விட்டமுள்ள நட்டின் துளை, 500 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் ஏறினால் ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர் விரிகிறது. உள்ளேயுள்ள போல்ட்டு அதே சூட்டை அடையுமுன் ஸ்பானரைப் போட்டுத் திருப்பினால் துருவின் ஆதிக்கம் தளர்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்ஸிஜனும் அசிட்டிலீனும் கலந்தெரியும் சுடர்க்குழாய் வந்த பிறகே, வேண்டிய இடத்தில் மட்டும் இவ்வளவு சூட்டை நொடியில் ஏற்றுவது எளிதாயிற்று. இன்று வீடுதோறும் காணப்படும் டபிள்யூ.டி.40 என்னும் திரவமோ, 1953இல் கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக உண்டாக்கப்பட்டது. இறுகிய போல்ட்டை விடுவிப்பதில் அதற்கு வாய்த்த கீர்த்தி அதன் தகுதிக்குச் சற்று அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்க யந்திரம் ஆங்கிலேயக் காலனியில் வாழ நேர்ந்ததால் இன்னொரு சங்கடமும் சேர்ந்தது. 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த ஆங்கில மரையின் கோணம் 55 டிகிரி. 1864இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் முன்வைத்த அமெரிக்க மரைக்கு 60 டிகிரி. அரை அங்குல போல்ட்டில் முன்னதற்கு அங்குலத்துக்கு 12 புரிகள், பின்னதற்கு 13. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். எவனாவது அவசரத்தில் ஒன்றின் நட்டை மற்றொன்றில் பலவந்தமாக ஏற்றிவிட்டால், சில சுற்றுக்கள் ஏறிப் பின் சிக்கிக்கொள்ளும். பல ஆண்டுகள் கழித்து அதைத் துருவென்று எண்ணி எண்ணெய் விடுபவன் எத்தனை நாள் காத்திருந்தும் பலன் காணான்.

இவ்வளவு பொறுமை பழைய பட்டறைகளின் வழக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. வண்டி மறுநாள் தடத்துக்குப் போயாக வேண்டிய நிலையில், முரண்டு பிடிக்கும் நட்டை உளி வைத்துப் பிளந்தெறிந்துவிட்டுப் புதியதைப் போடுவதே அவர்களுக்கு லாபம். போல்ட்டு மலிவு, நேரம் விலையுயர்ந்தது. ஒரு போல்ட்டையும் முறிக்காமல் கழற்ற வேண்டும் என்னும் ஆசாரம், அதற்கு ஈடானது உலகில் வேறில்லை என்ற நிலை ஏற்பட்ட பின்பு தோன்றியது. மேய்ஸ் ஹில்லுக்குச் சமீபமான கிளைட் தொழிற்சாலையில் 1943இல் பிறந்த 3801 என்னும் புகழ்பெற்ற ரயில் எஞ்சினை, 1980களில் நியூகாசிலில் பயிற்சி மாணாக்கர்களைக் கொண்டு பிரித்துச் சேர்த்தார்கள். 1986இல் அது மறுபடி ஓடிற்று. நம் சென்னைப் பெரம்பூர்ப் பட்டறைக்கும் இந்தக் கீர்த்தியில் பங்குண்டு. 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்டு, 1909இல் ஓய்வு பெற்று, ஜமால்பூரிலும் ஹௌராவிலும் காட்சிப்பொருளாக நூறாண்டு நின்ற இ.ஐ.ஆர். 21 என்னும் எஞ்சினை 2010இல் உயிர்ப்பித்தவர்கள் அங்குள்ள தொழிலாளர்களே. நூறாண்டு வெயிலும் மழையும் கண்ட இரும்பைப் பிரிக்கத் துணிந்தவர்களுடைய கைகளை நாம் போதிய அளவு கொண்டாடவில்லை.

பரமாட்டா பூங்காவின் கொட்டகை 1993இல் தீக்கிரையாயிற்று. வண்டிகள் பல அழிந்தன; 103ஏ தப்பிற்று. தீயில் காய்ந்த இரும்பின் மேல் எண்ணெய்ப் பசை துளியும் நிற்பதில்லை. அணைக்கப் பாய்ச்சிய நீரும் சேர்ந்தால் ஒரே இரவில் செந்துரு படர்ந்துவிடும். சங்கத்தார் பூங்காவை விட்டு நீலமலைகளின் அடிவாரத்து வாலி ஹைட்ஸ் ரயில் கொட்டகைக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே 103ஏ புதுப்பிக்கப்பட்டு மீண்டும் நீராவி பிடித்தது. இப்படிப் பிரித்துப் பூட்டுகிறவர்கள், ஒவ்வொரு போல்ட்டின் மரையிலும் காரீயப் பொடி கலந்த கொழுப்பைத் தடவியே முடுக்குகிறார்கள். அடுத்த முறை கழற்ற வருபவன் எவனாயிருந்தாலும் அவனுக்குச் சுடர்க்குழாய் தேவைப்படாதிருக்க அது போதும்.