பாரம் கொடுத்த பொருள்



சில வருடங்களுக்கு முன்னர் கனடாவில், ஸ்காபரோவில் வசிக்கும் என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். பதினோராம் மாடியில் இரண்டு அறைகள் கொண்ட சிறிய வீடு. ஐந்து பேர் அதற்குள் குடியிருந்தார்கள். கடைசிக் காலத்தில் அவனோடு வாழ்ந்து மறைந்த எங்கள் அம்மாவின் பொருள்களில் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

"அம்மான்ரை சாமானெல்லாம் எங்கையடா?" என்று கேட்டேன்.

"ஸ்ரோரேஜிலை அண்ணை" என்றான்.

மறுநாள் கூட்டிச் சென்று காட்டினான். நீண்டதொரு நடைபாதை; இருபுறமும் ஒரே நிறத் தகரக் கதவுகள்; கதவுக்கொரு பூட்டு. வீட்டில் இடமில்லாதவர்கள் மாத வாடகைக்கு ஓர் அறையை எடுத்துத் தங்கள் பொருள்களை அடுக்கிவிட்டுத் திறப்பைக் கையில் வைத்துக்கொள்கிறார்கள். தம்பியின் அறைக்குள் குத்துவிளக்கு, வெண்கலக் குடம், ஒரு றங்குப்பெட்டி. உள்ளே இருப்பது என்னவென்று வாசலில் இருந்தவருக்கும் தெரியாது. பக்கத்து அறைக்காரருக்கும் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. வாடகை வந்தால் போதும்.

இந்த ஏற்பாடு 1960களில் அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில் இன்றைய வடிவத்தைப் பெற்று உலகெங்கும் பரவியது. ஆனால் கூலிக்குப் பொருள் காப்பது அதற்கும் முந்தியது. இலண்டனில் 'பன்ரெக்னிக்கன்' என்ற பெருங்கட்டடம் 1830களிலேயே தோன்றியது. பயணம் போகும் செல்வர்கள் தளபாடங்களையும் ஓவியங்களையும் அங்கே வைத்துவிட்டுப் போவார்கள். தீப்பற்றாத கட்டடம் என்று பெயரெடுத்த அது, 1874ஆம் ஆண்டு எரிந்து சாம்பலாயிற்று. தடித்த சுவரை நம்பியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

நமது யாழ்ப்பாணத்திலே பொருள் காக்கும் முறை எப்படி இருந்தது?

ஆறு இல்லாத மண் இது. மழையை நம்பி வருடத்துக்கு ஒரு போகம் நெல். தை மாசியில் அரிந்ததை அடுத்த அறுவடைவரை காப்பாற்ற வேண்டும். ஆகவே நெல்லுக்குக் கொம்பறை இருந்தது. புழுக்கொடியலுக்கும் ஒடியலுக்கும் பனையோலைப் பெட்டிகள் இருந்தன. நகைக்கும் கூறைச்சேலைக்கும் காணி உறுதிக்கும் பெட்டகம் இருந்தது. கனத்த மரத்தில், பித்தளைப் பூணுடன் செய்த அந்தப் பெட்டகத்தின் மேலேயே பாய் விரித்துப் படுப்பார் வீட்டுத் தலைவர். பூட்டும் அவரே, காவலும் அவரே.

வீட்டை விட்டுப் போகிறவர் என்ன செய்தார்? மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போனவர், கொழும்புக்குக் குடும்பத்தோடு போனவர் யாராயினும், உறுதியையும் நகையையும் ஓர் உறவினரிடமோ அயலவரிடமோ ஒப்படைத்துவிட்டுப் போனார். 'பாரம் கொடுத்தல்' என்று இதைச் சொல்லுவது நமது வழக்கு. எவ்வளவு பொருத்தமான சொல் என்று பாருங்கள்! கொடுத்தவர் தோளிலிருந்து இறங்கிய சுமை வாங்கியவர் தோளில் ஏறிவிடுகிறது. பாரம் எடுத்தவர் அதற்குக் கூலி கேட்பதில்லை. கேட்டால் அது வியாபாரம்.

இலக்கிய நெஞ்சங்களுக்கு இவ்விடத்தில் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை நினைவுக்கு வரும். கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குல முதுமகளான மாதரியிடம் ஒப்படைக்கிறார். மதுரையில் மாளிகைகளுக்குக் குறைவில்லை. அடிகள் தேடியது சுவரை அன்று, ஆளை.

வியப்பு என்னவென்றால் பழைய உரோமரின் சட்டமும் இதையே சொல்லியிருக்கிறது. கூலியின்றிக் காப்பதுதான் வைப்பு. கூலி வாங்கினால் அது வேறோர் ஒப்பந்தம் என்று அது வகுத்தது. இன்னொன்றும் சொன்னது. தீ, கலகம், கப்பற்சேதம், வீடு இடிதல் போன்ற ஆபத்தின்போது ஒருவர் ஒப்படைத்த பொருளைத் திருப்பித்தர மறுப்பவர், அதன் பெறுமதியில் இரட்டிப்பைக் கொடுக்கவேண்டும். ஓடுகிற மனிதனுக்கு ஆளைத் தெரிவுசெய்ய நேரம் கிடையாது. ஆகையால் அவனுடைய நம்பிக்கையைக் கெடுப்பது இரட்டைக் குற்றம். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், இந்த உரோம மரபில் ஊறிய தங்கள் சட்டத்தை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இன்றும் இலங்கையின் பொதுச்சட்டத்துக்கு அதுவே அடித்தளம்.

அந்த ஆபத்துக்காலம் நமக்கும் வந்தது.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி மாலை, வலிகாமத்தை விட்டு வெளியேறும்படி விடுதலைப் புலிகளின் ஒலிபெருக்கிகள் அறிவித்தன. இராணுவம் நகரை நெருங்கிக்கொண்டிருந்தது. கொட்டும் மழையில், இலட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குள் சென்றது. சைக்கிளில் கொள்வது எவ்வளவு? சிலர் வெண்கலப் பாத்திரங்களைக் கிணற்றில் இறக்கினார்கள். சிலர் கோடியில் கிடங்கு வெட்டிப் புதைத்தார்கள். அம்மா காணி உறுதிகளை ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டு, "சாகிறதெண்டாலும் இஞ்சைதான்" என்று நகர மறுத்த அயல்வீட்டு ஆச்சியிடம் பாரம் கொடுத்தார்.

1996 சித்திரைக்குப் பின் திரும்பி வந்தோம். ஆச்சியின் வீட்டுக் கூரையை ஷெல் பிரித்திருந்தது. அவரைக் கோயில் மடத்திலே கண்டோம். பனையோலைப் பையிலிருந்து எங்கள் ரின்னை எடுத்து நீட்டினார்.

"உங்கடை பெட்டி எங்கையணை?" என்றார் அம்மா.

"அது வீட்டோடை போட்டுது. என்ரை சாமான் போனால் நான் அழுதிட்டு இருப்பன் பிள்ளை. இது பாரம் தந்த சாமானெல்லே?"

இதைச் சொல்லி நம்மை நாமே மெச்சிக்கொண்டு நான் விடைபெறலாம். ஆனால் வரலாறு பேச வந்தவன் பாதியை மறைக்கக் கூடாது.

அதற்குச் சரியாக ஐந்து வருடங்களுக்கு முன், 1990ஆம் ஆண்டு அதே ஒக்ரோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி புலிகள் கட்டளையிட்டார்கள். சோனகத் தெருவும் ஐந்துசந்தியும் ஒரே நாளில் வெறுமையாயின. பணத்தையும் நகையையும் கொண்டுபோக விடவில்லை. நம்பிய ஒருவரிடம் பாரம் கொடுக்கவும் அவகாசம் இருக்கவில்லை. அன்று அம்மாவின் மூன்று சட்டைத் துணிகள் அங்கிருந்த ஒரு தையற்காரரிடம் தைக்கக் கொடுத்தபடி கிடந்தன. சில நாட்களில் அந்தக் கடை உடைந்து வெறுமையாகக் கிடந்தது. துணிகளை நாங்கள் மறந்துபோனோம்.

2002இல் போர்நிறுத்தம் வந்து பாதை திறந்தபின், பெயர்ந்து போனவர்களிற் சிலர் புத்தளத்திலிருந்து தங்கள் வளவுகளைப் பார்க்க வந்தார்கள். ஒருநாள் அந்தத் தையற்காரர் எங்கள் படலையில் வந்து நின்றார். தலை முழுவதும் நரைத்திருந்தது.

"ரீச்சர், உங்கடை மூண்டு சட்டைத் துணி என்ரை கையிலை இருந்தது. திருப்பித் தர ஏலாமல் போச்சு. என்ன விலையெண்டு சொல்லுங்கோ" என்றார்.

ஆசிரியையாக முப்பது வருடம் பேசிப் பழகிய அம்மாவுக்கு அன்று வாய் எழவில்லை. உள்ளே போனவர் தேநீரோடு வர வெகுநேரம் ஆயிற்று. காசை வாங்க மறுத்துவிட்டார். அவரும் வற்புறுத்தவில்லை, தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

அவருடைய கடையில் நான்கு தையல் மெசின்கள் இருந்தன. அவை என்னவாயின என்று அவர் எங்களிடம் கேட்கவில்லை. நாங்களும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு, கடை, பள்ளிவாசல், கிணறு என்று அவர்கள் விட்டுச்சென்ற ஒவ்வொன்றும் ஊரில் எஞ்சியிருந்த நம்மிடம், யாரும் சொல்லாமலே, பாரமாக வந்த பொருள்கள். ஆச்சி எங்கள் ரின்னைக் காத்ததுபோல நாம் அவற்றைக் காக்கவில்லை.

ஸ்காபரோவில் அந்தத் தகரக் கதவைப் பூட்டியபோது, "மாதம் பிறந்தால் வாடகையைக் கட்டினால் சரி, வேறை யோசனை இல்லை" என்றான் தம்பி. அவன் சொன்னது சரிதான். அம்மா மட்டும், கடைசிவரை, புதுச் சட்டை தைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மூன்று துணிகளைப்பற்றி ஒரு தரம் சொல்லாமல் விட்டதில்லை.