ஒரத்தநாட்டுச் சத்திரம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த எனக்குச் சத்திரம் என்றால் வழிப்போக்கர் ஒரு வேளை உண்டு, திண்ணையில் படுத்தெழும் இடம் என்றே எண்ணம். அவ்வெண்ணம் ஒரத்தநாட்டில் மாறிற்று.

தஞ்சையினின்றும் பட்டுக்கோட்டை செல்லும் சாலையில் உள்ளது அவ்வூர். இரண்டாம் சரபோசி மன்னர், தம் அன்புக்குரிய முத்தாம்பாள் பெயரால் 1802இல் எழுப்பிய சத்திரம் அங்கே நிற்கிறது. நான் சென்றபோது முற்றமெங்கும் செடிகொடிகள் மண்டிக் கிடந்தன. குதிரைகளும் யானைகளும் தேரிழுப்பனபோல் அடித்தளத்தில் கல்லாய் நின்றன, தேரேறுவார்தாம் இல்லை! இராமேசுவர யாத்திரிகர் உண்ட கூடத்தில் வௌவால்கள் குடியிருந்தன. இங்கே சோறு மட்டுமன்று, கல்வியும் இலவசமாய் வழங்கப்பெற்றது.

மாணவர்களே, அக்காலத்தைச் சற்று நோக்குங்கள். 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கும்பினியார் கைக்குப் போயிற்று. மன்னர்க்கு எஞ்சியவை தஞ்சைக் கோட்டையும் வருவாயில் ஐந்திலொரு பங்கும் ஓர் உதவித் தொகையுமே. அந்நிலையில் 1801இல் ரெசிடெண்டு டோரினுக்கு அவர் கடிதம் எழுதினார். இழந்த நாட்டைக் கேட்டாரா? இல்லை, சத்திரங்களைக் கேட்டார்! எச்சாதியார்க்கும் உணவு, நோயாளிக்கு வைத்தியர், கற்பிக்க ஆசிரியர் ஆகிய இவையெல்லாம் நின்றுவிடலாகாது என்பது அவர் கவலை. வழியில் பெற்றோரை இழந்த சிறுவர் ஆசிரியர் பொறுப்பில் வளர்வர். மூன்று வேளை உணவு, நான்கு நாளுக்கொருமுறை எண்ணெய் முழுக்கு என்றுகூட எழுதியிருக்கிறார். எண்ணெய் முழுக்கை நினைவு வைத்திருந்த அரசர்!

மறு ஆண்டே ஒரத்தநாட்டுச் சத்திரம் எழுந்தது. எண்ணெய்த் தலையோடு சிறுவர் வரிசையாய் அமர்ந்திருக்கும் காட்சியே, அம்முற்றத்தில் நின்ற என் கண்முன் வந்தது.