இருசக்கர வாகன டயர்களின் சீரற்ற தேய்வு

சீரற்ற டயர் தேய்வு என்பது மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர், மொபெட் ஆகியவற்றின் டயர் எல்லா இடங்களிலும் ஒரே அளவாகத் தேயாமல், நடுவிலோ ஒரு பக்கத்திலோ திட்டுத் திட்டாகவோ மிகுதியாகத் தேய்வதைக் குறிக்கும். டயரின் மேல் வெட்டப்பட்டுள்ள பள்ளங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட ரப்பர்க் கட்டைகளும் சேர்ந்த பகுதி தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் "பட்டன்" எனப்படுகிறது. பட்டன் முற்றிலும் தேய்ந்த டயர் "மொட்டை டயர்" ஆகும். சீரற்ற தேய்வில், டயர் முழு மொட்டையாவதற்கு நெடுநாள் முன்பே ஆபத்து தொடங்கிவிடுகிறது. ஓரங்களில் பட்டன் புதியதுபோல் இருப்பதால் வண்டியோட்டி அதனைக் கவனிப்பதில்லை.

தேய்வின் வடிவத்தைக் கொண்டே அதன் காரணத்தைப் பெரும்பாலும் கண்டறியலாம். காரணத்தைச் சரிசெய்யாமல் டயரை மட்டும் மாற்றினால் புதிய டயரும் அதே வடிவில் தேயும்.

ஓசூர் - கிருட்டிணகிரி வட்டாரம்

தமிழ்நாட்டில் கருநாடக எல்லையை ஒட்டிய ஓசூர், இருசக்கர வாகனத் தொழிலின் முக்கிய மையங்களுள் ஒன்று. இங்குத் தயாரிக்கப்பட்ட டி.வி.எஸ். 50 மொபெட் 1980-இல் விற்பனைக்கு வந்தது. 1984-இல் சப்பானின் சுசுக்கி நிறுவனத்துடன் கூட்டாக மோட்டார் சைக்கிள் உற்பத்தியும் தொடங்கியது. அக்கூட்டு 2001-இல் முடிவுற்றது. 2021-இல் ஏத்தர் எனர்ஜி ஓசூரிலும் ஓலா எலெக்ட்ரிக் கிருட்டிணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளிப் பகுதியிலும் மின் ஸ்கூட்டர் ஆலைகளைத் தொடங்கின.

வண்டிகள் உருவாகும் இவ்வட்டாரத்திலேயே அவற்றின் டயர்கள் தேயும் வகைகள் பலவற்றையும் காணலாம். பெங்களூர் - ஓசூர் - கிருட்டிணகிரி வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 (முன்னர் 7) பெரும்பாலும் நேரான, நடுத்தடுப்புடன் கூடிய சாலை. தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டிக்குச் செல்லும் மலைச்சாலையோ வளைவுகள் நிறைந்தது. இவற்றுடன் சிற்றூர்களின் மண்சாலைகளும் உள்ளன.

நடுத்தேய்வு

இதுவே மிகப் பரவலானது. இருசக்கர வாகன டயரின் குறுக்கு வெட்டு வட்டமானது. வண்டி நேராகச் செல்லும்போது அவ்வட்டத்தின் உச்சியில் உள்ள ஒடுங்கிய பட்டை மட்டுமே தரையைத் தொடுகிறது. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து 25 கி.மீ. தொலைவுக்கு வேலைக்குச் சென்று திரும்பும் ஒருவர், மாதத்தில் 25 நாள் சென்றால், 1,250 கி.மீ. ஓட்டுகிறார். அதில் பெரும்பகுதி இந்த ஒரே பட்டையின் மீதுதான். இயந்திரத்தின் இழுவிசையைத் தாங்குவதால் பின்டயர் முன்டயரைவிட விரைவாகத் தட்டையாகிறது.

காற்று மிகுந்தால் நடுவும் குறைந்தால் இரு ஓரங்களும் தேயும் என்பது கார் டயருக்குரிய விதி. தட்டையான டயருக்குப் பொருந்தும் அதனை இருசக்கர வண்டிக்கு அப்படியே கொள்ளுதல் தவறு. காற்றழுத்தம் சரியாக இருந்தாலும் நேர்ச்சாலையில் நடுப்பகுதி தேயவே செய்யும். மிகை அழுத்தம் அதனை விரைவுபடுத்துகிறது. குறைந்த அழுத்தத்தில் டயர் அதிகமாக நெளிந்து சூடாகிறது. பூ, காய்கறி மூட்டைகளை ஏற்றிச் செல்லும் மொபெட்டுகளின் பின்டயர்கள் இவ்வகையில் பழுதாவதுண்டு.

தட்டையான டயர் நேராகச் செல்லும்போது குறை தெரிவதில்லை. வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது தட்டைப் பகுதிக்கும் வட்டப் பகுதிக்கும் இடையே உருவான விளிம்பின் மீது வண்டி ஏறி இறங்க வேண்டியுள்ளது. இதனால் முதலில் சாய மறுக்கும் வண்டி, பின்னர்ச் சட்டென்று விழுவதுபோல் சாய்கிறது. மழையில் இடர் மிகுதி. வட்டமான டயர் நீரை இருபுறமும் பிளந்து ஒதுக்கும் தன்மையுடையது. தட்டையானதும் அத்தன்மை குறைவதுடன், நீரை வெளியேற்ற வேண்டிய பள்ளங்களும் அதே இடத்தில்தான் மறைந்திருக்கும்.

ஒருபக்கத் தேய்வு

இடப்புறம் செல்லும் நாடுகளில் முன்டயரின் வலப்பக்கம் சற்று மிகுதியாகத் தேய்வதைப் பலர் கண்டுள்ளனர். மழைநீர் வடிவதற்காகச் சாலை இடப்பக்கம் சரிந்திருப்பதால் இடப்பக்கமே தேய வேண்டும் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் நிகழ்வது அதற்கு நேர்மாறானது. இடப்பக்கம் சரிந்த தரையில் செங்குத்தாகச் செல்லும் வண்டி, அத்தரையைப் பொறுத்தவரை வலப்பக்கம் சாய்ந்ததாகவே ஆகும். எனவே தொடுபகுதி வலப்பக்கம் நகர்கிறது.

ஆயினும் இதுவே முழுக் காரணம் என்பது ஏற்கத்தக்கதன்று. நூற்றுக்கு 2.5 சரிவு என்பது ஏறத்தாழ 1.4 பாகைதான். 90 மி.மீ. அகலமுள்ள டயரில் தொடுபகுதி இதனால் ஒரு மில்லிமீட்டர் அளவே நகரும். வளைவுகளின் பங்கு இதைவிடப் பெரிதாக இருக்கலாம். இடப்பக்கம் திரும்பும் வண்டி சாலையோரத்தை ஒட்டி மெதுவாகவும் குறுகிய வளைவிலும் திரும்புகிறது. வலப்பக்கம் திரும்பும்போது எதிர்த்தடத்தைக் கடந்து, நீண்ட வளைவில், கூடுதல் வேகத்துடன் செல்கிறது. ரவுண்டானாவில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். வலப்புறம் செல்லும் நாடுகளில் இடப்பக்கம் மிகுதியாகத் தேய்வது இவ்விரு விளக்கங்களுக்கும் இசைவானது.

சிறிய வேறுபாடு இயல்பானது. வேறுபாடு பெரிதாக இருந்தால் வண்டியையே ஐயுற வேண்டும். சங்கிலியை இறுக்கும்போது பின் அச்சின் இருபுறக் குறியீடுகளும் ஒத்திராவிட்டால் சக்கரம் கோணலாக நிற்கும். விபத்துக்குப்பின் வளைந்த ஃபோர்க், பழுதான சக்கரப் பேரிங் ஆகியனவும் காரணமாகலாம்.

திட்டுத் தேய்வு

டயரின் சுற்றில் மேடும் பள்ளமுமாகத் தேய்வது பெரும்பாலும் முன்டயரில் காணப்படும். பிரேக் பிடிக்கும்போது ஒவ்வொரு ரப்பர்க் கட்டையும் நெளிந்து, தரையை விட்டு எழும்போது வழுக்குகிறது. இதனால் கட்டையின் ஒரு விளிம்பு மறு விளிம்பைவிடத் தாழ்ந்து, இரம்பப்பல் போலாகிறது. கையால் ஒரு திசையில் தடவினால் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் சொரசொரப்பாகவும் இருக்கும். ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்து அதிர்வு தாங்கும் திறன் குறைந்தாலும், மெக்கானிக்குகள் "கோன்செட்" என்று வழங்கும் கைப்பிடித் தண்டின் பேரிங் தளர்ந்தாலும், சக்கரம் துள்ளித் துள்ளி ஓடி இத்தேய்வை வளர்க்கிறது. ஆரக்கம்பிச் சக்கரத்தில் கம்பிகள் தளர்ந்து வளையம் கோணுவதும் இவ்வாறே. அதனைச் சரிசெய்தல் "பெண்டு எடுத்தல்" எனப்படும்.

ஸ்கூட்டர்களும் மின் வண்டிகளும்

ஸ்கூட்டரின் சிறு சக்கரம் ஒரே தொலைவுக்கு அதிகமுறை சுழல்கிறது. 90/100-10 அளவுள்ள டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 730 முறை சுழலும். மோட்டார் சைக்கிளின் 80/100-17 டயர் ஏறத்தாழ 540 முறை சுழலும். ஆகவே ஸ்கூட்டர் டயரின் ஒவ்வொரு பகுதியும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகத் தரையைத் தொடுகிறது.

மின் ஸ்கூட்டரில் மின்னோடி நின்ற நிலையிலிருந்தே மிகுந்த முறுக்குவிசையைப் பின்சக்கரத்துக்கு அளிக்கிறது. வேகம் குறையும்போது அதே மின்னோடி மின்னியற்றியாகச் செயல்பட்டு, மின்கலத்துக்கு ஆற்றலைத் திருப்பி அனுப்பியவாறு வண்டியைத் தடுக்கிறது. இழுத்தலும் தடுத்தலும் ஒரே டயரின் மீது விழுவதால் பின்டயரின் தேய்வைக் கூர்ந்து கவனிக்க வேண்டியுள்ளது.

அளவிடலும் சட்டமும்

காற்றழுத்தத்தை வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் அளக்க வேண்டும். முன், பின் சக்கரங்களுக்குரிய அளவுகள் பொதுவாக வேறானவை. பின்னிருக்கையில் ஆள் அமர்ந்தால் பின்சக்கர அளவு மேலும் மாறும். இரண்டுக்கும் ஒரே அளவாக நிரப்பும் வழக்கம் பரவலாக இருப்பினும் அது சரியானதன்று.

இந்தியாவின் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94-ஆவது விதி, டயரின் பள்ளத்துக்குக் குறைந்தபட்ச ஆழத்தை வரையறுக்கிறது. இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கு இது 0.8 மி.மீ.; ஏனையவற்றுக்கு 1.6 மி.மீ. பள்ளத்தின் அடியில் உள்ள தேய்வுக்குறி மேடுகள் மேற்பரப்புடன் சமமாகிவிட்டால் டயரை மாற்ற வேண்டும். மேடுகளின் இடத்தைக் காட்டும் அடையாளம் டயரின் பக்கச்சுவரில் இருக்கும். மிகுதியாகத் தேய்ந்த இடத்திலேயே அளத்தல் வேண்டும். ஓரத்தில் அளந்தால் மொட்டை டயரும் நல்ல டயராகத் தோன்றும்.

கார்களைப் போல டயர்களை இடம்மாற்றித் தேய்வைச் சமன்செய்தல் இன்றைய பெரும்பாலான இருசக்கர வாகனங்களில் இயலாது. முன், பின் டயர்களின் அளவும் வடிவமும் வேறுபடுகின்றன. பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர்களில் இரு சக்கரங்களும் ஒரே அளவினவாக இருந்ததுடன் "ஸ்டெப்னி" எனும் மாற்றுச் சக்கரமும் உடனிருந்தது. அவற்றில் மூன்று சக்கரங்களையும் முறைமாற்றிப் பயன்படுத்த முடிந்தது.