மாளிகைமேட்டில் மாளிகை எங்கே?

கங்கைகொண்ட சோழபுரம் என்றாலே நமக்குக் கோயில்தான் நினைவுக்கு வரும். முதலாம் ராஜேந்திரன் தஞ்சையை விட்டு இங்கே தலைநகரை மாற்றியது சுமார் 1025இல். அடுத்த இரண்டரை நூற்றாண்டுகள், சோழர் ஆட்சி முடியும்வரை, இதுதான் தலைநகரம். தலைநகரம் என்றால் அரண்மனை, கடைத்தெரு, கோட்டை மதில், படைவீடு எல்லாம் இருந்திருக்குமே? அதெல்லாம் எங்கே போச்சு? இந்தக் கேள்வியோடுதான் பெரம்பலூரில் பஸ் ஏறி, அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாக அங்கே போனேன்.

கோயிலைப் பார்க்காமல் நகர முடியாது. விமானம் சுமார் 55 மீட்டர். தஞ்சை விமானம் நேர்க்கோட்டில் ஏறும். இது மெல்ல உள்வாங்கி வளைந்து ஏறும். வடக்கு வாசல் பக்கம் சண்டேசருக்குச் சிவன் தலையில் மாலை சுற்றிவிடும் சிற்பம். அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் நின்றுவிட்டேன். 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததிலிருந்து புல்வெளி, வேலி என்று எல்லாம் பளிச்சென்று இருக்கிறது.

இந்தக் கோயிலும் முழுசாகத் தப்பவில்லை. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டினார். அதற்குக் கருங்கல் வேண்டுமென்று கோயிலின் சுற்றுமதிலை இடித்து எடுத்துப் போனார்கள். தடுக்கப் பார்த்த ஊர் மக்கள் தண்டிக்கப்பட்டார்கள் என்று 1855ஆம் ஆண்டு கெசட்டியர் ஒன்று சொல்கிறது. கும்பகோணத்திலிருந்து இங்கே வருகிறவர்கள் அணைக்கரையில் அந்த அணையைத் தாண்டித்தான் வருகிறார்கள். பாதிப் பேருக்கு அது தெரியாது.

கோயிலிலிருந்து தென்மேற்கே கொஞ்ச தூரத்தில் மாளிகைமேடு. அரண்மனை இருந்த இடம். கல்வெட்டுகளில் 'சோழகேரளன்' என்று ஒரு மாளிகையின் பெயர் வருகிறது. 1980 முதல் தமிழகத் தொல்லியல் துறை இங்கே தோண்டியது. 2021இல் மறுபடியும் ஆரம்பித்தது. கிடைத்தவை செங்கல் சுவர்கள், மரத்தூண் நிறுத்தும் கருங்கல் அடித்தளங்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பானைத் துண்டுகள். சாமிக்குக் கல், ராஜாவுக்குச் செங்கல்லும் மரமும். மரம் மக்கிப்போனது. செங்கல்லோ ஊருக்குள்ளே போனது.

"தோண்டுனா கல்லு வரும் தம்பி. நல்ல கல்லு, சும்மா கெடக்குதேன்னு எடுத்து வீடு கட்டுனாங்க" என்றார் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர். குரலில் குற்ற உணர்ச்சியும் இல்லை, பெருமையும் இல்லை. ரோமில் கொலோசியக் கல்லைப் பெயர்த்து மாளிகைகளும் தேவாலயங்களும் கட்டினார்கள். இங்கே அரண்மனையைப் பெயர்த்துக் குடிசைக்குச் சுவர் வைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் கோபம் வரவில்லை. அரசன் இல்லாத ஊரில் அரண்மனைச் செங்கல் வேறு எங்கே போகும்?

நகரத்தின் இன்னொரு பகுதி பெயர்களில் இருக்கிறது. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் எல்லாம் சுற்றியுள்ள ஊர்கள். கடாரங்கொண்டான் என்றுகூட ஒரு ஊர் உண்டு; ராஜேந்திரனின் கடற்படை மலேயா வரை போன கதை அந்தப் பெயரில் இருக்கிறது. வெற்றியின் நினைவாக அவன் வெட்டிய சோழகங்கம் ஏரியை, நீராலான வெற்றித்தூண் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. இன்று அதற்குப் பெயர் பொன்னேரி.

இப்போதுதான் சிக்கலே. அந்தக் காலத்தில் மண்வெட்டியால் நாலு செங்கல் எடுத்தார்கள். அடியில் இருந்த சுவர் அப்படியே கிடந்தது. இன்று ஒரு வீட்டு அஸ்திவாரத்துக்கு ஜேசிபி வந்தால் அரை மணி நேரத்தில் ஆயிரம் வருடம் கலைந்துபோகும். அதற்காக ஜனங்களை ஊரைவிட்டுப் போகச் சொல்ல முடியுமா? மதில் போன அன்று தண்டனை வாங்கியவர்களும் இவர்களுடைய முன்னோர்தானே. அஸ்திவாரம் போடுவதற்கு முன்னால் ஒரு தொல்லியல் ஆள் வந்து பார்த்து, வரைந்து, படம் எடுத்துக்கொள்ளட்டும். அந்தத் தாமதத்துக்கான செலவை வீடு கட்டுகிறவர் தலையில் கட்டாமல் அரசே ஏற்கட்டும். இதைக்கூடச் செய்யாமல் சோழர் பெருமை பேசி என்ன பயன்?

அடுத்த முறை போனால் கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். மாளிகைமேட்டுக்கு வழி கேட்டு நடந்து போங்கள். வழி சொல்கிறவர் வீட்டுச் சுவரையும் கொஞ்சம் கவனியுங்கள்.