ஸ்பான்சருக்கு முன்னால் ஒரு கிண்ணம் மது

துருக்கியின் பொகாஸ்கோய் கிராமத்தில் 1906இல் தோண்டத் தொடங்கியபோது களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. ஹிட்டைட்டுகளின் தலைநகரான ஹட்டூசா அங்கேதான் புதைந்து கிடந்தது. பலகைகளில் இருந்த மொழியை 1915இல் செக் அறிஞர் ஹ்ரோஸ்னி படித்துக் காட்டினார். சடங்குக் குறிப்புகளில் அடிக்கடி வரும் ஒரு வினைச்சொல் ‘ஷிபந்த்’. ‘இஷ்பந்த்’ என்றும் எழுதியிருக்கிறார்கள். தெய்வத்துக்குப் பானம் ஊற்றிப் படைப்பது என்று பொருள். கிரேக்கர்களின் ‘ஸ்பெந்தோ’ இதற்கு உடன்பிறப்பு.

கிரேக்க விருந்தில் குடிக்கும் முன் கொஞ்சம் மதுவைத் தெய்வத்தின் பெயரைச் சொல்லிச் சாய்ப்பார்கள். மீதியைத் தாங்கள் குடிப்பார்கள். இதுதான் ‘ஸ்பொண்டே’. இறந்தவர்களுக்கு ஊற்றுவதற்கு ‘கொயே’ என்று வேறு பெயர். அதில் பெரும்பாலும் முழுவதும் மண்ணுக்கே. கி.மு. 399இல் நஞ்சுக் கிண்ணத்தை வாங்கிய சாக்ரடீஸ், இதிலிருந்து தெய்வத்துக்குக் கொஞ்சம் ஊற்றலாமா என்று கேட்டதாகப் பிளேட்டோ எழுதுகிறார். தேவையான அளவுதான் கரைத்திருக்கிறோம் என்றானாம் கொண்டுவந்தவன்.

பகைவர்கள் சமாதானம் பேசி முடித்தாலும் இரு தரப்பும் மது ஊற்றும். இலியத்தில் இந்தச் சடங்கின்போது, வாக்கை மீறுகிறவனின் மூளை இந்த மதுபோலவே தரையில் சிந்தட்டும் என்று வீரர்கள் வேண்டிக்கொள்கிறார்கள். ஊற்றியதை அள்ள முடியாது. அதனால்தான் சத்தியத்துக்கு இது பொருந்தியது என்று எனக்குத் தோன்றுகிறது. போகப்போகச் சடங்கின் பெயரே ஒப்பந்தத்தின் பெயரும் ஆனது. பன்மையில் ‘ஸ்பொண்டாய்’ என்றால் போர்நிறுத்தம்.

இந்த இரட்டைப் பொருளை வைத்து அரிஸ்டோபனிஸ் ஒரு காட்சியே எழுதினார். கி.மு. 425இல் அரங்கேறிய ‘அக்கார்னியர்’ நாடகம் அது. ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் ஆறாவது ஆண்டாக அடித்துக்கொண்டிருந்த நேரம். டிகையோபோலிஸ் என்ற குடியானவன் ஊர் எப்படியோ போகட்டும், தனக்கு மட்டும் சமாதானம் வாங்கி வா என்று ஓர் ஆளை ஸ்பார்ட்டாவுக்கு அனுப்புகிறான். போன ஆள் சமாதானத்தை மதுவாகவே, ஐந்தாண்டு, பத்தாண்டு, முப்பதாண்டு என்று மூன்று சரக்காகக் கொண்டுவருகிறான். ஐந்தாண்டில் கப்பலுக்குப் பூசும் கீல் வாடை அடிக்கிறது. பத்தாண்டில் தூதுக்குழுக்களின் வாடை. முப்பதாண்டுதான் அமுதம், குடியானவன் அதை எடுத்துக்கொள்கிறான். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள், கொஞ்சம் கசந்தும் இருக்கும்: கி.மு. 446-445இல் ஸ்பார்ட்டாவோடு போட்ட முப்பதாண்டு ஒப்பந்தம் பாதிக் காலம்கூடத் தாங்கவில்லை.

ரோமில் மது வற்றி, வாக்கு மட்டும் நின்றது. “ஸ்பொண்டெஸ்னே?”, தருவதாக வாக்களிக்கிறாயா? “ஸ்பொண்டெயோ”, வாக்களிக்கிறேன். எழுத்து வேண்டாம், சாட்சி வேண்டாம். இந்தக் கேள்வியும் பதிலும் போதும், சட்டம் கடனாளியைப் பிடித்துக்கொள்ளும். இந்த வாய்மொழி ரோமக் குடிமக்களுக்கு மட்டுமே செல்லும் என்று இரண்டாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் கையுஸ் எழுதிவைத்தார். அடுத்தவன் கடனுக்குப் பிணை நின்றவன் ‘ஸ்பொன்சர்’. பிறகு தேவாலயத்தில் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு ஞானப்பெற்றோராக நின்றவர்களுக்கு அந்தப் பெயர் போனது. இன்று கிரிக்கெட் சட்டையில் பெயர் பொறித்துக்கொள்ளும் கம்பெனிக்கு.

இடையில் யாப்பிலும் ஒரு கிளை உண்டு. படையலின்போது பாடிய மெதுவான பாட்டுகளிலிருந்து வந்தது ‘ஸ்பாண்டீ’ என்ற சீர்: இரண்டு அசை, இரண்டும் நெடில். நம் ‘தேமா’வைச் சொல்லிப் பாருங்கள், அதே ஓசைதான்.

மகளைத் தருவதாக வாக்குக் கொடுப்பதை லத்தீனில் ‘தெஸ்பொந்தெரெ’ என்றார்கள். அதே வினையை மனத்தோடு சேர்த்தால் நம்பிக்கையைக் கைவிடுதல்; ஆங்கிலத்தின் ‘டெஸ்பாண்டன்ட்’ அங்கிருந்து வந்தது. நாமும் கன்னிகாதானத்தில் தாரை வார்க்கிறோம். சோழர் காலத்தில் நிலத்தைத் தானம் கொடுத்தபோதும் நீர் வார்த்தார்கள். இன்று செய்தித்தாளில் ‘தாரை வார்த்தார்கள்’ என்று தலைப்பு வந்தால், ஏதோ அரசு நிலம் கைமாறிவிட்டது என்று அர்த்தம்.