குருசடைத் தீவின் பட்டியல்கள்: மன்னார் வளைகுடாக் கரையோர உயிர்களின் கணக்கெடுப்பும் காப்பும்

மன்னார் வளைகுடாவைப் பற்றி எழுதுவோர் தவறாமல் சொல்லும் எண் 3,600. அங்குள்ள தாவர, விலங்கு இனங்களின் தொகை அது. யாரும் ஒருசேர எண்ணிச் சொன்ன தொகையன்று. பல தலைமுறை ஆய்வாளர்கள் வெவ்வேறு நோக்கங்களோடு எழுதிவைத்த பதிவுகள் சேர்ந்து வந்தது. இப்படிப்பட்ட கூட்டலில் ஏறிய பெயர் எளிதில் இறங்குவதில்லை. அரிய கரையோர உயிர்களைக் காப்பது பற்றிய விவாதத்தில் இந்தக் குறைக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம் எழும்பூர் அருங்காட்சியகம். 1885இல் அதன் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன், இராமேசுவரம் பகுதியின் கடல் உயிர்கள் குறித்து 1887இல் முதல் அறிக்கை தந்தார். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் தொகுத்தவர் என்றே அவரை நாம் அறிவோம்; கடற்பஞ்சுக்கும் பவளத்துக்கும் அவர் பட்டியல் போட்டது அதற்கு வெகு முன்னால். அரசுக்கு வருமானம் தந்தவை முத்தும் சங்கும். தர்ஸ்டனின் 1890ஆம் ஆண்டு நூலின் தலைப்பிலும் அவைதாம் முதலில் வருகின்றன; மற்ற உயிர்கள் பின்னால் நிற்கின்றன.

அந்த வரிசையை மாற்றியது 1927இல் வெளிவந்த குருசடைத் தீவின் கரையோர உயிர்கள் பற்றிய அருங்காட்சியக வெளியீடு. எஃப். எச். கிரேவ்லியும் பிறரும் எழுதியது. பாம்பனுக்கு அருகிலுள்ள ஒரு சிறு தீவை மட்டும் எடுத்துக்கொண்டு, புழு, நண்டு, சிப்பி, முள்தோலி என்று தொகுதிவாரியாக ஆராய்ந்தது. விலை போகாத உயிர்களுக்கும் அதில் இடம் கிடைத்தது.

இங்கே கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. கடல் வற்றினாலும் வெளிப்படும் தரை குறுகலானதே. ஆகவே தேடல் பெரும்பாலும் கல்லுக்கடியில்தான். ஒரு பவளக்கல்லைப் புரட்டினால் அடிப்பக்கத்தில் கடற்பஞ்சுப் படலம், குழாய்ப் புழுக்கள், நொறுங்குமீன் எனப்படும் மெலிந்த கைகளையுடைய முள்தோலிகள் எல்லாம் ஒட்டியிருக்கும். கல்லை முன்போலத் திருப்பி வைக்காவிட்டால் வெயிலில் அந்தக் குடியிருப்பே செத்துப்போகும். கணக்கெடுப்பவரே சேதம் செய்பவராக ஆகக்கூடிய வேலை இது.

குருசடையின் பெயரை விலங்கியல் வகுப்பறைகளுக்குக் கொண்டுசேர்த்தது ஓர் அரைநாணி: டைக்கோடெரா ஃபிளாவா. பாடப்புத்தகங்கள் பலனோகுளோசஸ் என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தது. மணலுக்குள் வாழும், தொட்டால் அறுந்துபோகும் மெல்லுடல், அயோடின் போன்ற நெடி. செவுள் பிளவுகள் இருப்பதால் முதுகெலும்பிகளின் தோற்றத்தை விளக்க உதவும் உயிர் என்ற மதிப்பு அதற்கு உண்டு.

காப்புச் சட்டம் வேறு வழியில் வந்தது. 1986இல் 21 தீவுகளும் சுற்றுக்கடலும் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம். 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடல் அட்டைகள் அனைத்தும் சேர்ந்தன; அவற்றைப் பிடிக்கத் தடை வந்தது. சீனச் சந்தைக்காக வேகவைத்து உலர்த்தி அனுப்பப்பட்டவை அவை. 1982இல் மூன்று அங்குலத்துக்குக் குறைந்தவற்றை ஏற்றுமதி செய்யத் தடை வந்தும் பிடிப்பு ஓயவில்லை. 1988இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வெள்ளை அட்டையைக் குஞ்சு பொரிக்கவைத்தது. ஆயினும் 2001இன் தடை எல்லா இனத்தையும் ஒரே கயிற்றில் கட்டியது. பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையில் உரிமம் பெற்று அட்டை பிடிக்கலாம்; கடத்தலுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

அரைநாணியின் பெயரோ 2001 பட்டியலில் இல்லை. பூங்காவின் எல்லைக்குள் வாழ்வதால் மட்டுமே அதற்குக் காப்பு. சந்தையில் விலையுள்ள உயிருக்குப் பெயரால் காப்பு, விலையற்றதற்கு இடத்தால் காப்பு என்ற இந்த ஏற்பாடு ஒரு வகையில் நல்லதே. ஆனால் தீவே நிலையானதன்று: 21இல் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன.

1927 வெளியீட்டுக்கு 2027இல் நூறு வயது. அதே தீவில், அதே தொகுதி வரிசையில் மறு கணக்கெடுப்பு நடக்க வேண்டும். எழும்பூர் மாதிரிகளோடு ஒப்பிட்டு, பெயர் மாறிய இனங்களைச் சரிசெய்து, தேடியும் கிடைக்காதவற்றைத் தனியே அச்சிட வேண்டும். காப்புத் திட்டம் அந்தத் தனிப் பட்டியலிலிருந்து தொடங்கட்டும்.