நாரும் ஓலையும் தாளும்

கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களுள் ஒன்றின் பெயர் தென்னமரம். பெயர் தென்னையைச் சுட்டினும், அத்தோட்டத்திற்கு வரலாற்றில் இடம் தந்தது செம்பனையே. பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி ஃபோகோனியே 1917ஆம் ஆண்டில் அங்கே செம்பனையை நட்டார். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக அதுவே கொள்ளப்படுகிறது. தோட்ட வாழ்வைப் பின்னணியாக வைத்து அவர் எழுதிய ‘மலேசி’ என்னும் புதினம் 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. துரைமகன் நட்ட மரத்திற்கு ஆண்டுக் கணக்கு உண்டு. அவர் எழுதிய தாள்கள் நூலகங்களில் வாழ்கின்றன. அதே மண்ணில் உழைத்த தமிழர் தம் ஓய்வுப் பொழுதில் ஓலையாலும் நாராலும் வண்ணத்தாளாலும் செய்து மகிழ்ந்தவையோ ஏடேறாமலேயே உதிர்ந்து போயின.

நார்க்கலையும் தாட்கலையும் தமிழர்க்குப் புதியன அல்ல. நூல் என்ற ஒரே சொல் இழையையும் குறிக்கும், இலக்கியத்தையும் குறிக்கும். பஞ்சிலிருந்து இழை நூற்கும் பெண்ணின் செயலுக்குப் புலவன் நூல் இயற்றும் செயலை ஒப்பிடுகிறது நன்னூற் பாயிரம். பூமாலைக்கும் தொடை என்று பெயர். எதுகை, மோனை முதலிய யாப்புறுப்புக்கும் தொடை என்றே பெயர். நெல்லின் தண்டாகிய தாள், இன்று எழுதும் காகிதத்திற்குப் பெயராயிற்று. மலாய் மொழியிலும் இவ்வுறவைக் காணலாம். ‘காராங்ஙான்’ என்னும் சொல் கட்டுரைக்கும் உரியது. பூ என்னும் சொல்லோடு சேர்ந்து மலர்வளையத்தையும் குறிக்கும். கையால் தொடுப்பதையும் கருத்தால் தொடுப்பதையும் இரு மொழியினரும் ஒன்றாகவே கண்டனர்.

கங்காணிகள் வழியாகத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து இவ்வட்டாரத்திற்கு வந்தவர்கள் தம்மோடு கொண்டுவந்த உடைமைகள் சில, கைப்பழக்கங்கள் பல. ஆயினும் ஊரில் பழகிய பொருள்கள் எல்லாம் இங்குக் கிடைக்கவில்லை. பனை இங்கு அரிது. ஆதலின், பனையோலையில் பழகிய விரல்கள் தென்னையோலைக்கு மாறின. வடசிலாங்கூரின் கடலோர மண்ணில் தென்னை செழித்தது. சபாக் பெர்ணம் வரை அதற்குக் குறைவில்லை. பிரம்போ காட்டிலேயே விளைந்தது. புக்கிட் ரோத்தான் என்னும் ஊர்ப்பெயரின் பொருளே பிரம்புக் குன்று என்பதாகும்.

தோட்டத்து வேலையின் அமைப்பும் இக்கலைக்கு இடம் தந்தது. விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, பால்மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுவைக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் நண்பகலாகிவிடும். பின்னர் அடுப்பும் பிள்ளைகளும் காத்திருந்தாலும், மாலைப் பொழுதில் சிறிது நேரம் தமக்கென மிஞ்சும். மழை பெய்தால் மரம் வெட்ட இயலாது. கூலி இல்லாத அந்நாள் வயிற்றுக்குத் துன்பமாயினும், லயத்துத் திண்ணையில் கைகளுக்கு வேலை கிடைத்தது. தோட்டத்தில் எல்லாம் நிறுக்கப்பட்டன: பால் நிறுக்கப்பட்டது, கட்டிப்பால் நிறுக்கப்பட்டது, அரிசியும் நிறுத்தே தரப்பட்டது. எவரும் நிறுக்காத ஒரே வேலை இதுவாக இருந்தது. இதற்குக் கிராணியின் கணக்கு இல்லை. தண்டலின் அதட்டலும் இல்லை. செய்தவரின் மனநிறைவே இதன் கூலி.

அம்மன் திருவிழா வந்துவிட்டால் இக்கைத்திறன் முழுவதும் வெளிப்படும். விரியாத தென்னங்குருத்தை வெட்டி, இளமஞ்சள் நிற ஓலைகளைப் பிரித்து, மடித்து, கத்தியால் கீறித் தோரணம் பின்னுவர். இதில் மரபு சார்ந்த இலக்கணமும் உண்டு. மங்கலத் தோரணத்தில் நான்கு குருவிகள் தலை மேல்நோக்க அமைவதும், இழவு வீட்டுத் தோரணத்தில் மூன்று குருவிகள் தலை கீழ்நோக்க அமைவதும் வழக்கம். எழுத்தறியாதவரும் இவ்விலக்கணத்தைக் கண்ணால் படித்தறிந்தனர். வாழைமட்டையை உரித்து, உலர்த்தி, நாராகக் கிழித்து, நீரில் நனைத்துப் பூத்தொடுத்தனர். ஈர்க்கில் வண்ணத்தாளைச் சுற்றிப் பசையிட்டுக் காகிதப்பூக்கள் செய்தனர். இரதமும் காவடியும் அப்பூக்களால் பொலிந்தன. 1892 முதல் பத்துமலையில் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது; அங்கு எடுக்கப்பட்ட காவடிகளில் தோட்டத்தார் தம் கையாலேயே அலங்கரித்தவையும் இருந்தன. நாடகம் நடந்தால் அட்டையும் மினுக்குத்தாளும் அரசரின் கிரீடமாயின. பிள்ளைகளுக்கு ஓலைக்கிளி, ஓலைப்பாம்பு, ஊதல், பந்து எனப் பொம்மைகள் பிறந்தன.

இவற்றைக் கற்பிக்கப் பள்ளி எதுவும் இருந்ததில்லை. பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளிகள் எழுத்தும் எண்ணும் கற்பிக்கவே பெரும்பாடு பட்டன. மேலும், உடலுழைப்புத் தொழிலாளர் மலாயாவிற்குச் செல்வதை 1938இல் இந்திய அரசு தடுத்தது. ஊரிலிருந்து கைத்தேர்ச்சி பெற்றவர் புதிதாக வருவது அதனால் அருகிற்று. இங்குப் பிறந்தவர்கள் ஏகலைவர்களாயினர். விழா முடிந்து கழற்றப்பட்ட தோரணத்தை மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார்ப்பதும், பிரித்ததை மீண்டும் மடிப்பதுமே அவர்களது பாடம். பிழையான மடிப்பு தானே அவிழ்ந்து பிழையைக் காட்டிவிடும். திருத்துவதற்கு ஆசிரியர் வேண்டியதில்லை.

அண்டை வீட்டாரும் ஒருவகையில் ஆசான்களாயினர். மலாய்க்காரர் அதே தென்னங்குருத்தில் கெத்துப்பாட் கூடு பின்னினர். தாழையினத்து மெங்குவாங் ஓலையில் பாய் முடைந்தனர். சீனர் தாளில் விளக்குக் கூண்டுகளும், முன்னோர்க்குப் படைத்து எரிக்கும் பொருள்களும் செய்தனர். காகிதம் செய்யும் முறையை உலகிற்கு அளித்தது சீனமே, கி.பி. 105இல் சாய் லுன் அதனைச் செம்மைப்படுத்தியதாக அந்நாட்டு வரலாறு கூறும். ஓலை, நார், தாள் என்னும் மூன்றும் இம்மண்ணின் மூவினத்தாரும் பேசிய பொதுமொழி எனலாம்.

காலம் மாறியது. இரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை எங்கும் பரவியது. பின்னர்ச் செம்பனை நிலங்களுட் பலவும் வீடமைப்புப் பகுதிகளாயின. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிற்று. லயங்கள் கலைந்தன, லயத்துத் திண்ணைகளும் மறைந்தன. கடையில் விற்கும் நெகிழித் தோரணம் ஆண்டுதோறும் வாடாமல் தொங்குகிறது. அதில் மங்கலம் எது, அமங்கலம் எது என்று கேட்பாரில்லை. ஆயினும் கலை முற்றும் அழிந்துவிடவில்லை. நெகிழி நாடா வந்தபோது அதையும் கூடையாகப் பின்னினர் பெண்கள். செம்பனை ஓலையின் ஈர்க்கும் துடைப்பமாயிற்று. பொருள் மாறியபோதெல்லாம் கை தன்னை மாற்றிக்கொண்டது.

குருத்தோலை இரண்டொரு நாளில் வாடும்; காகிதப்பூ ஒரு மழைக்குத் தாங்காது. இத்தகைய கலையின் வரலாற்றைக் கல்வெட்டிலோ காட்சிக்கூடத்திலோ தேடிப் பயனில்லை. அது முதியோரின் விரல்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அவ்விரல்கள் ஓய்ந்தால் அவ்வேடும் மூடிவிடும். எனவே, தமிழ்ப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டி தாத்தாவிடம் ஒரு மடிப்பையேனும் கற்று, அதன் பெயரையும் செய்முறையையும் தமிழில் எழுதி வைத்தல் வேண்டும். ஆசிரியர்கள் அவ்வேடுகளைப் பள்ளி நூலகத்தில் தொகுத்துக் காத்தல் வேண்டும். துரைமார் எழுதிய தோட்ட வரலாற்றின் அருகில், அத்தோட்டத்தில் உழைத்தவர்களின் கைவண்ணமும் நூலாக இடம்பெறுவது முறையே ஆகும்.